எங்கள் ஏரியா ரேஷன் கடை: அரிசிக்கு நாலரை, புகாருக்கு ஒன்றரை

முதலிலேயே மதிப்பெண்ணைச் சொல்லிவிடுகிறேன்: ஐந்துக்கு மூன்றரை. அரிசிக்கும் விலைக்கும் மட்டும் என்றால் நாலரை கொடுப்பேன். எடைக்கு மூன்று. புகார் கொடுத்தால் என்ன ஆகிறது என்பதற்கு ஒன்றரை, அதுவும் மனசில்லாமல்தான். கூகுள் மேப்பில் ரேஷன் கடைகளுக்கு வந்திருக்கும் விமர்சனங்களைப் பார்த்தால் ஒன்று 'ஒர்ஸ்ட்' என்று ஒரே வார்த்தை இருக்கிறது, இல்லாவிட்டால் யாரோ கைதவறி அழுத்திய ஐந்து நட்சத்திரம். மாநிலத்தில் அநேகமாக எல்லா வீட்டுக்கும் கணக்கு இருக்கிற ஒரே கடை இதுதான். புதிதாகத் திறந்த பிரியாணிக் கடைக்கு எழுதுவதில் பாதியாவது இதற்கு எழுத வேண்டாமா?

கடை எது என்று சொல்லப்போவதில்லை, விற்பனையாளரை மாட்டிவிடுவது என் வேலை இல்லை. மதுரைக்கு வெளிப்புறம், கூட்டுறவுச் சங்கம் நடத்தும் கடை, வாடகைக் கட்டடம், முன்னால் தகரக் கூரை. மழை வந்தால் வரிசை கலைந்துவிடும், மறுபடி சேரும்போது யார் முன்னால் யார் பின்னால் என்று ஒரு பஞ்சாயத்து நடக்கும். ஒரே ஆள்தான் பில் போடுகிறார், அவரேதான் எடையும் போடுகிறார்.

சரி, பொருளுக்கு வருவோம். புழுங்கல் அரிசி இப்போது நன்றாகவே இருக்கிறது. முன்பு வந்த பழுப்பும் கறுப்புமான அரிசியை நினைத்துக்கொண்டு இன்னும் மூக்கைப் பொத்துகிறவர்கள் ஒருமுறை வாங்கிப் பாருங்கள். ஆலைகளில் கறுப்பு அரிசியைப் பிரித்தெடுக்கும் கலர் சார்டர் மெஷின் வந்த பிறகு வித்தியாசம் கண்ணுக்கே தெரிகிறது. ஆனால் மாதாமாதம் ஒரே தரம் வரும் என்று எதிர்பார்க்காதீர்கள். ஒரு மாதம் இட்லிக்குப் பிரமாதமாக இருக்கும், அடுத்த மாதம் எத்தனை முறை கழுவினாலும் வாடை போகாது. நடுவில் சில மணிகள் மட்டும் நிறம் மாறி, தண்ணீரில் மிதந்தால் பதற வேண்டாம், அது பிளாஸ்டிக் இல்லை. இரும்புச்சத்து, ஃபோலிக் அமிலம், பி12 சேர்த்துச் செய்த செறிவூட்டப்பட்ட மணிகள், நூற்றுக்கு ஒன்று என்ற கணக்கில் கலந்தவை. இதை ஒரு போர்டில் எழுதி மாட்டினாலே பாதி வதந்தி அடங்கிவிடும். எங்கள் கடையில் போர்டு இருக்கிறது, அதில் போன வருஷத்து இருப்பு நிலவரம் இருக்கிறது.

விலையைப் பற்றிக் குறை சொல்ல ஒன்றுமே இல்லை. 2006-இல் அரிசி கிலோ இரண்டு ரூபாய் ஆனது, 2008 செப்டம்பரில் ஒரு ரூபாய், 2011 ஜூனிலிருந்து இலவசம். துவரம் பருப்பு கிலோ 30 ரூபாய், பாமாயில் லிட்டர் 25 ரூபாய், சர்க்கரை கிலோ 25 ரூபாய், பரம ஏழைக் குடும்பங்களுக்கான அந்தியோதயா கார்டுக்கு மட்டும் 13 ரூபாய் 50 காசு. மளிகைக் கடையில் பருப்பு விலை நூறைத் தாண்டி எங்கெங்கோ போய்வருகிறது, இங்கே அதே 30-தான். வாரம் முழுக்க வேலை கிடைக்காத வீட்டில் இந்த ஒரு கிலோ பருப்புக்கும் ஒரு லிட்டர் எண்ணெய்க்கும் என்ன மதிப்பு என்பதை விளக்கத் தேவையில்லை.

பிரச்சினை என்னவென்றால், பருப்பும் பாமாயிலும் வருகிற மாதம் வரும், வராத மாதம் வராது. இதற்குக் கடைக்காரரைத் திட்டிப் பயனில்லை. அரிசி 2013-ஆம் ஆண்டின் தேசிய உணவுப் பாதுகாப்புச் சட்டத்தில் இருக்கிறது, முன்னுரிமைக் குடும்பத்தில் ஆளுக்கு 5 கிலோ, அந்தியோதயா குடும்பத்துக்கு 35 கிலோ, இது உரிமை. கொடுக்க முடியாவிட்டால் அதற்கு ஈடாகப் பணம் தரவேண்டும் என்றுகூட அந்தச் சட்டம் சொல்கிறது. பருப்பும் பாமாயிலும் 2007-இல் ஆரம்பித்த மாநில அரசின் சிறப்புத் திட்டம். அரசாணை போட்டு நீட்டிக்கிறார்கள், டெண்டர் விட்டு வாங்குகிறார்கள். டெண்டர் தள்ளிப்போனால் தட்டு காலி. 2024 மே மாதம் தேர்தல் நடத்தை விதிகளால் கொள்முதல் தாமதமாகிப் பருப்பும் எண்ணெயும் பலருக்குக் கிடைக்கவில்லை, அப்புறம் ஜூனில் சேர்த்து வாங்கிக்கொள்ளலாம் என்று அறிவித்தார்கள். ஒரே கவுண்டர், ஒரே கார்டு, ஒரே பில். ஆனால் ஒரு மூட்டைக்குப் பின்னால் சட்டம் நிற்கிறது, இன்னொன்றுக்குப் பின்னால் அரசாங்கத்தின் மனசு நிற்கிறது. வரிசையில் நிற்கும்போது இந்த வித்தியாசம் தெரியாது, பை பாதி காலியாக வீட்டுக்கு வரும்போது தெரியும்.

இந்தக் கடை ஓரளவுக்காவது ஒழுங்காக நடப்பதற்குக் காரணம் அதிகாரிகளின் நல்ல மனசு என்று நான் நம்பவில்லை. எல்லோருக்கும் கார்டு இருக்கிறது, அதுதான் காரணம். 1997-இல் மத்திய அரசு வறுமைக் கோட்டுக்கு மேலே, கீழே என்று பிரித்து ரேஷன் கொடுக்கச் சொன்னபோது பெரும்பாலான மாநிலங்கள் பிரித்தன. தமிழ்நாடு பிரிக்கவில்லை. பிரித்த இடங்களில் என்ன ஆனது என்று பாருங்கள்: யார் ஏழை என்று பட்டியல் போடுகிறவர் கையில் அதிகாரம் போனது, பட்டியலில் சேர லஞ்சம் வந்தது, நிஜமான ஏழை வெளியே நின்றார், வசதியானவர் பெயர் உள்ளே இருந்தது. கூடவே, ஊரில் சத்தம் போடத் தெரிந்தவர்களுக்கெல்லாம் ரேஷன் கடை தேவையில்லாமல் போனதால் கேட்க ஆளில்லை. இங்கே ஓய்வுபெற்ற வாத்தியாரும் கட்டட வேலைக்குப் போகிற அக்காவும் ஒரே வரிசையில் நின்றார்கள். எடை குறைந்தால் வாத்தியார் கலெக்டருக்கு மனு எழுதிவிடுவார், அந்த பயம் அக்காவின் பைக்கும் சேர்த்து வேலை செய்தது.

இடையில் பிரித்துப் பார்க்கும் ஆசை இங்கேயும் வந்தது. ஜெயலலிதா ஆட்சியில், 2004-க்குக் கொஞ்சம் முன்பு, வருமானம் அதிகம் என்று சொல்லிப் பல கார்டுகளில் 'எச்' முத்திரை குத்தினார்கள், ஞாபகம் இருக்கிறதா? அரிசி கிடையாது என்பதுதான் அதன் பொருள். 2004 நாடாளுமன்றத் தேர்தலில் தமிழ்நாட்டின் 39 தொகுதிகளையும் எதிரணி அள்ளிக்கொண்டு போனது. முடிவு வந்த சில நாட்களுக்குள் ரத்தான உத்தரவுகளில் எச் முத்திரையும் ஒன்று. அப்புறம் 2017 ஜூலையில் உணவுப் பாதுகாப்புச் சட்டத்துக்கான விதிகள் அரசிதழில் வந்தன. வீட்டில் ஏசி இருந்தால், கார் இருந்தால், வருமானம் இவ்வளவு இருந்தால் முன்னுரிமை கிடையாது என்று ஒரு பட்டியல். தொலைக்காட்சியில் விடியவிடிய அதே பேச்சு, கடைசியில் எல்லோருக்கும் ரேஷன் தொடரும் என்று அமைச்சரே விளக்கம் சொல்ல வேண்டியதாயிற்று. அதாவது அரிசியில் கை வைத்தால் ஆட்சிக்கே ஆபத்து என்பது இங்கே எல்லாக் கட்சிக்கும் தெரியும். 'ரூபாய்க்கு மூன்று படி லட்சியம், ஒரு படி நிச்சயம்' என்ற முழக்கத்தோடு 1967-இல் ஓர் ஆட்சியே மாறிய ஊர் இது. ரேஷன் புகாருக்கான இலவச எண்ணும் 1967-தான், நாடு முழுக்க அதே எண் என்பதால் இது தற்செயல், ஆனாலும் டயல் செய்யும்போதெல்லாம் எனக்குச் சிரிப்பு வரும்.

இதற்கு ஆகும் செலவும் சும்மா இல்லை. முன்னுரிமைப் பட்டியலுக்கு வெளியே இருப்பவர்களுக்கான அரிசிக்கும், பருப்பு எண்ணெய்க்கும் மாநிலக் கஜானாதான் பணம் கொடுக்கிறது, உணவு மானியமே வருஷத்துக்கு 10,000 கோடி ரூபாய்க்கு மேல். 'வசதியானவனுக்கு ஏன் இலவச அரிசி' என்று கேட்பவர்கள் இதைத்தான் காட்டுகிறார்கள். நியாயமான கேள்விதான். ஆனால் வேண்டாதவர் தானாக விலகிக்கொள்ள இங்கே வழி இருக்கிறது: அரிசி வேண்டாம் என்றால் சர்க்கரை கார்டு, எதுவும் வேண்டாம் என்றால் பொருளில்லா கார்டு. யாரும் வீட்டுக்குள் வந்து ஏசி இருக்கிறதா என்று பார்ப்பதைவிட இது எவ்வளவோ மேல்.

இன்னொரு காரணம், கடையை யார் நடத்துகிறார்கள் என்பது. இங்கே பெரும்பாலான கடைகள் கூட்டுறவுச் சங்கங்களிடம் இருக்கின்றன, மீதியில் நுகர்பொருள் வாணிபக் கழகமும் மகளிர் குழுக்களும் வருகின்றன. தனியார் டீலர் என்பவர் கிடையாது. சத்தீஸ்கரில் 2004-இல் ஓர் ஆணை போட்டு ரேஷன் கடைகளைத் தனியாரிடமிருந்து எடுத்துப் பஞ்சாயத்துக்கும் மகளிர் குழுக்களுக்கும் கூட்டுறவுகளுக்கும் கொடுத்தார்கள், அதற்குப் பிறகு அங்கே ரேஷன் திருட்டு கணிசமாகக் குறைந்தது; வேறு மாற்றங்களும் சேர்ந்துதான், ஆனால் ஆரம்பம் அந்த ஆணை. ஒரே மாநிலம், அதே மக்கள், அதே அரிசி.

இப்போது எடைக்கு வருகிறேன். இதில்தான் நிறையப் பேசவேண்டும்.

எங்கள் கடையில் எடை குறையும். இருபது கிலோ அரிசியை வீட்டில் போட்டுப் பார்த்தால் இருபது இருக்காது. எடைக்கல் காலத்திலிருந்து மின்னணுத் தராசுக்கு வந்தும் குறையும். பாத்திரத்தை வைத்துப் பூஜ்யம் ஆக்காமல் போட்டால் எந்தத் தராசும் என்ன செய்யும்? கேட்டால் வருகிற பதில்: "குடோன்லேர்ந்தே மூட்டை குறைச்சலாத்தான் வருதுக்கா, நான் என் கைக்காசையா போடுவேன்?" இதை வெறும் சாக்கு என்று தள்ளிவிட முடியாது. மூட்டையை எடை போட்டு இறக்குங்கள் என்பது ரேஷன் ஊழியர் சங்கங்கள் வருஷக்கணக்காகக் கேட்டு வரும் கோரிக்கை. ஐம்பது கிலோ என்று கணக்கில் ஏறிய மூட்டை இரண்டு கிலோ குறைவாக வந்து இறங்கினால், ஆய்வுக்கு வருகிற அதிகாரி அந்த இரண்டு கிலோவுக்கும் சேர்த்து விற்பனையாளருக்கு அபராதம் போடுவார். 2022-இல் வந்த ஆள்சேர்ப்பு அறிவிப்பில் விற்பனையாளருக்கு முதல் ஒரு வருஷம் தொகுப்பூதியம் மாதம் 6,250 ரூபாய். அவர் எங்கிருந்து ஈடுகட்டுவார்? நம் பையிலிருந்துதான். சிலர் ஈடுகட்டுவதோடு நிற்பதில்லை என்பதும் தெரிந்ததே, கேரள எல்லையில் களியக்காவிளை, கம்பம் பக்கமெல்லாம் பிடிபடும் அரிசி மூட்டைகள் ஆகாயத்திலிருந்து விழவில்லை. ஆனால் சட்டத்தின் கண் கடைசிப் படியில் நிற்கிறவர் மேல்தான் சுலபமாக விழுகிறது. குடோன் தராசுக்கும் லாரிக்கும் அது அவ்வளவாகப் போவதில்லை.

இப்போது தராசை ப்ளூடூத் மூலம் பில் போடும் பிஓஎஸ் மெஷினோடு இணைத்துவிட்டார்கள், எடை சரியாக வந்தால்தான் பில் விழும். நல்ல யோசனை. எங்கள் கடையில் ஆரம்பத்தில் ஒரு கார்டுக்கு ஆன நேரத்தில் முன்பு இரண்டு மூன்று பேருக்குப் போட்டிருப்பார்கள், வரிசையில் இருந்தவர்கள் மெஷினைத் திட்டினார்கள், விற்பனையாளரும் சந்தோஷமாகச் சேர்ந்து திட்டினார். இப்போது பரவாயில்லை. எடையும் தேறியிருக்கிறது, முழுசாக இல்லை.

எஸ்எம்எஸ் வருவதும் எனக்குப் பிடித்த விஷயம். 2017-இல் ஸ்மார்ட் கார்டு வந்ததிலிருந்து என்ன வாங்கினோம் என்று போனுக்குச் செய்தி வந்துவிடுகிறது. அதனால்தான் வாங்காத பருப்பை நான் வாங்கியதாகப் பில் விழுந்தது எனக்குத் தெரிந்தது. முன்பு நோட்டில் எழுதிய காலத்தில் இது எத்தனை மாதம் நடந்திருக்கும் என்று யாருக்குத் தெரியும்.

சரி, தெரிந்துவிட்டது, அப்புறம்? இலவச எண்ணில் கூப்பிட்டேன். மரியாதையாகப் பேசினார்கள், புகார் எண் கொடுத்தார்கள். கொஞ்ச நாளில் 'குறை நிவர்த்தி செய்யப்பட்டது' என்று முடித்துவிட்டார்கள், எனக்குப் பருப்பு வரவில்லை. அடுத்த தடவை கடைக்குப் போனபோது விற்பனையாளர் சிரித்துக்கொண்டே "என்னக்கா, மேல வரைக்கும் போயிட்டீங்க போல" என்றார். அதாவது புகார் நேராக அவரிடமே வந்திருக்கிறது, என் கார்டு விவரத்தோடு. எனக்கு ஒன்றும் ஆகிவிடாது, வெளியில் பருப்பு வாங்கிக்கொள்வேன். மாதம் முழுக்க இந்தக் கடையை நம்பி இருக்கிற வீட்டுக்காரர் இதற்குப் பிறகு வாய் திறப்பாரா?

பிறகு மாதத்தில் இரண்டாவது சனிக்கிழமை நடக்கும் குறைதீர் முகாமுக்கு எழுத்தில் எடுத்துக்கொண்டு போனேன். அங்கேதான் அமைப்பு எப்படி இருக்கிறது என்று புரிந்தது. கார்டு, ஒதுக்கீடு, ஆய்வு எல்லாம் உணவு வழங்கல் துறை, அதாவது வட்ட வழங்கல் அலுவலர். கடையும் கடை ஊழியரும் கூட்டுறவுத் துறை. மூட்டை வருவது வாணிபக் கழகத்தின் குடோனிலிருந்து. ஒருவரைக் கேட்டால் ஊழியர் எங்கள் ஆள் இல்லை என்பார், இன்னொருவர் பொருள் எங்களுடையது இல்லை என்பார். ரேஷன் கடைகளுக்குத் தனித் துறை வேண்டும் என்று ஊழியர்களே கேட்கிறார்கள் என்றால் பாருங்கள். முகாமில் இருந்த அதிகாரி பொறுமையாகக் கேட்டார், பருப்பும் அடுத்த மாதம் வந்தது. பில் எப்படி விழுந்தது என்பதற்குப் பதில் வரவில்லை.

உணவுப் பாதுகாப்புச் சட்டத்தைப் படித்தால் எல்லாம் அழகாக எழுதியிருக்கிறது. மாவட்டத்துக்கு ஒரு குறைதீர் அலுவலர், மாநிலத்துக்கு ஓர் உணவு ஆணையம், கடை அளவிலிருந்து கண்காணிப்புக் குழுக்கள், அப்புறம் சமூகத் தணிக்கை, அதாவது ஊர்க்காரர்களே கணக்கைப் பார்க்கலாம். குறைதீர் அலுவலர் சொல்லியும் நிவாரணம் கொடுக்காத அதிகாரிக்கு அபராதம் அதிகபட்சம் 5,000 ரூபாய், அதையும் உணவு ஆணையம்தான் போடவேண்டும். எங்கள் கடைக்குக் கண்காணிப்புக் குழு இருக்கிறதா என்று கேட்டேன். இருக்கிறது என்றார்கள். யார் உறுப்பினர்கள் என்று கேட்டதற்கு விற்பனையாளருக்கும் தெரியவில்லை, வரிசையில் இருந்தவர்களுக்கும் தெரியவில்லை, ஒரு பெரியவர் மட்டும் தன் பெயர் அதில் இருக்கலாம் என்று சந்தேகப்பட்டார். தேர்தல் வந்தால் அரிசியைக் காப்பாற்றும் ஜனநாயகம் இரண்டு தேர்தலுக்கு நடுவில் ஒரு கிலோ பருப்பைக் காப்பாற்றத் திணறுகிறது என்பதுதான் இந்தக் கடையைப் பற்றி எனக்கு இருக்கிற பெரிய வருத்தம். நடுத்தர வர்க்கம் கார்டைப் பணிப்பெண்ணிடம் கொடுத்து அனுப்ப ஆரம்பித்த பிறகு இது மோசமாகியிருக்கிறது என்றும் நினைக்கிறேன். மனு எழுதுகிற வாத்தியார் இப்போது வரிசையில் இல்லை.

கைரேகை பற்றி. 2020 அக்டோபரில், எந்த ஊர்க் கடையிலும் வாங்கலாம் என்கிற 'ஒரே நாடு ஒரே ரேஷன்' வந்தபோது விரல் வைக்கும் முறையும் வந்தது. கட்டட வேலை, பாத்திரம் தேய்க்கும் வேலை செய்தவர்களின் விரல் ரேகை தேய்ந்திருக்கும், மெஷினுக்குத் தெரியாது. ஆதார் வழக்கில் 2018 தீர்ப்பிலேயே ரேகை பொருந்தவில்லை என்பதற்காக யாருக்கும் மறுக்கக்கூடாது என்று உச்ச நீதிமன்றம் சொல்லிவிட்டது, மாநில அரசும் திருப்பி அனுப்பாதீர்கள் என்று சொல்லியிருக்கிறது. எங்கள் கடையில் கருவிழி பார்க்கும் கருவி இருக்கிறது, சிரமப்பட்டாவது கொடுத்து அனுப்புகிறார், இதற்கு அவருக்கு முழு மதிப்பெண். வயதானவர்களுக்கும் மாற்றுத்திறனாளிகளுக்கும் 2025 ஆகஸ்டிலிருந்து தாயுமானவர் திட்டத்தில் வீட்டுக்கே கொண்டுவருகிறார்கள். எங்கள் தெருவில் வண்டி வருகிறது, என் பார்வையில் சமீபத்தில் நடந்த மிக நல்ல மாற்றம் இதுதான்.

கார்டு வாங்குவது தனிக் கதை. விண்ணப்பம் ஆன்லைனில் இலவசம், ஆனால் 'சீக்கிரம் வேண்டுமா' என்று கேட்கும் ஆட்கள் ஊருக்கு ஊர் உண்டு. காரணம், இந்தக் கார்டு இப்போது அரிசிக்கு மட்டும் இல்லை. பொங்கல் பரிசு, 2021-இல் கொரோனா நிவாரணம் 4,000 ரூபாய், 2023 டிசம்பரில் சென்னை வெள்ள நிவாரணம் 6,000 ரூபாய், மாதம் 1,000 ரூபாய் மகளிர் உரிமைத் தொகை எல்லாமே கார்டை வைத்துத்தான். உரிமைத் தொகைக்காக 2023-இல் விண்ணப்பங்கள் குவிந்து, புதிய கார்டு கொடுப்பதே பல மாதம் நின்றிருந்தது. புதிதாகக் கல்யாணம் ஆகித் தனிக்குடித்தனம் போனவர்கள் பட்ட பாடு கொஞ்சமில்லை. ஒரு கதவில் இத்தனை சாவியையும் மாட்டினால் கதவருகே நிற்பவருக்குக் கிராக்கி வரத்தான் செய்யும்.

போகிறவர்களுக்குச் சில தகவல்கள். மாத முதல் வாரம் போகாதீர்கள், கூட்டம் தாங்காது. ரொம்பக் கடைசியிலும் வேண்டாம், பருப்பு தீர்ந்திருக்கும். கடை திறந்திருக்கிறதா, இருப்பு என்ன என்பதை அரசின் ரேஷன் தளமான டிஎன்பிடிஎஸ் இணையதளத்தில் பார்த்துவிட்டுக் கிளம்பலாம், முக்கால்வாசி சரியாக இருக்கிறது. எடை போடும்முன் தராசில் பூஜ்யம் இருக்கிறதா என்று பாருங்கள், வெட்கப்பட வேண்டாம். எஸ்எம்எஸ்ஸைக் கடை வாசலிலேயே படித்துவிடுங்கள், வீட்டுக்குப் போய்ப் படித்தால் கேட்பது கஷ்டம். புகார் என்றால் 1967-ஓடு நிறுத்தாமல் எழுத்திலும் கொடுத்து, நகலில் சீல் வாங்கிக்கொள்ளுங்கள். அப்புறம் உப்பு பாக்கெட், டீத்தூள், சோப்பு என்று தலையில் கட்டுவார்கள். வேண்டாம் என்றால் வேண்டாம்தான், கட்டாயம் எதுவும் கிடையாது. உப்பு மட்டும் உண்மையிலேயே நன்றாக இருக்கிறது, அதை நான் வாங்குகிறேன்.